வார் அறுந்தால் கடிகாரம் கெட்டதாகுமா?



சென்ற மாதம் நாமக்கல் பக்கம் ஒரு தாயாரின் இல்லத்தில் ஜெபித்துவிட்டு எழுந்தபோது, மறைந்த தம் கணவரின் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தைப் பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினார். "கெட்டுப்போய் வெகு காலம் ஆகிவிட்டது, ஐயா" என்றார். வாங்கிப் பார்த்தேன், அறுந்திருந்தது தோல் வார் மட்டுமே. சாவி கொடுத்தேன், ஓடத் தொடங்கியது. அவர் அதைக் காதருகே வைத்துக்கொண்டு அழுதார்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு இணைந்து 1961-இல் பெங்களூரில் தொடங்கிய அந்தக் கடிகாரத் தொழிலை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஆயினும் அவை நம் வீடுகளில் இன்னும் உயிரோடிருக்கின்றன. 1984-இல் டாட்டா குழுமமும் நம் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டனின் ஒசூர்க் கடிகாரங்களும் அப்படியே. லாரிக்குக் கூண்டு கட்டும் கைகள் நிறைந்த நம் பகுதியில், ஒரு வாரை மாற்றத் தெரியாமல் கடிகாரத்தை ஒதுக்கிவைப்பது சரிதானா?

வேலை எளிது. வார் பொருந்தும் இரு கொம்புகளுக்கு இடைப்பட்ட அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதே அளவில் புதிய வார் வாங்குங்கள். மென்மையான துணியின்மேல் கடிகாரத்தைக் கவிழ்த்து வையுங்கள். வாரின் முனைக்குள் ஸ்பிரிங் வைத்த சிறு பின் உண்டு. அதன் ஒரு முனையை மெல்லிய கருவியால் உள்நோக்கி அழுத்தினால் வார் கழன்றுவிடும். பக்கிள் உள்ள துண்டு பன்னிரண்டு மணிப் பக்கம். துளைகள் உள்ள நீண்ட துண்டு ஆறு மணிப் பக்கம். பின் இருபுறமும் துளையில் அமர்ந்ததா என்று மெதுவாக இழுத்துப் பாருங்கள். அவசரப்பட்டால் அந்தப் பின் எங்கோ தெறித்து ஓடும். பின்பு லூக்கா 15-ஆம் அதிகாரத்து ஸ்திரீயைப் போல விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்க வேண்டியதுதான்!

பேருந்து நிலையத்தருகே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னே அமர்ந்திருக்கும் கடிகாரக்காரரின் பிழைப்பைக் கெடுக்க இதைச் சொல்லவில்லை. வாரை அவரிடமே வாங்குங்கள். உள்ளே பழுதென்றால் அவரிடமே கொடுங்கள். கூடாரம் தைத்த பவுலின் கைகளும் அவருடைய ஊழியத்தின் ஒரு பகுதியே என்று அப்போஸ்தலர் 18:3 நமக்கு நினைவூட்டுகிறது.

என் பாரம் வேறொன்று. "கெட்டுவிட்டது" என்ற தீர்ப்பை நாம் எத்தனை விரைவாக எழுதிவிடுகிறோம்! ஒரு கோபச் சொல்லால் வீட்டுக்கு வராமற்போன சகோதரன், சபையில் நடந்த ஒரு சிறு மனத்தாங்கலால் ஆராதனைக்கு வராமல் நின்றுவிட்ட குடும்பம்: அங்கே அறுந்தது வார்தான், உள்ளே இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது. கையிலெடுத்துக் காதில் வைத்துப் பார்த்தோமா?

இந்த வாரம் பீரோவைத் திறந்து பாருங்கள். அப்படியே ஒரு வீட்டுக் கதவையும் தட்டுங்கள். கர்த்தர் உங்கள் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.