கை தானாக எழும்பும் என்று காத்திருக்கலாமா?



பாடநூல், தேர்வு, இணைப்பாட நடவடிக்கை என்றே எழுதிக்கொண்டிருக்கும் நான், இன்று தொட்டில் பிள்ளைகளைப் பற்றி எழுதப் போகிறேன். பிறக்கும்போதே தோள்நரம்பு காயம்பட்டு, ஒரு கை மட்டும் சோர்ந்து கிடக்கும் பிள்ளைகள் அவர்கள். மருத்துவமனையில் இதனை 'எர்ப்ஸ் பால்சி' என்பார்கள். நான் மருத்துவன் அல்லேன், தமிழ்ப்பள்ளி ஆசிரியன். எனினும், அந்தக் கை ஏழாண்டுகள் கழித்து வந்து சேரும் இடம் எங்கள் வகுப்பறை என்பதால் இதைப் பற்றிப் பேச எனக்கும் உரிமையுண்டு என்று கருதுகிறேன்.

கழுத்துப் பகுதியில் தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஐந்து நரம்பு வேர்கள், தோளருகே ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, பிறகு கிளைபிரிந்து கை முழுவதற்கும் செல்கின்றன. இதுவே 'பிரேக்கியல் பிளெக்சஸ்' என்னும் தோள்நரம்புப் பின்னல். மகப்பேற்றின்போது குழந்தையின் தலை வெளிவந்த பின்னர் தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொண்டால், இந்நரம்புகள் இழுபடக்கூடும். சில நரம்புகள் நீண்டு துவள்வதோடு சரி. சில அறுபடும். கடுமையான நிலையில் தண்டுவடத்திலிருந்து வேரோடு பிடுங்கப்படுவதும் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1872-லும், செருமானிய மருத்துவர் எர்ப் 1874-லும் விளக்கி எழுதிய பழைய நோய்தான் இது.

பெரும்பாலும் மேலுள்ள இரண்டு வேர்களே பாதிக்கப்படுகின்றன. அப்போது தோள் உட்பக்கம் திரும்பி, முழங்கை நீண்டு, உள்ளங்கை பின்னோக்கிப் பார்த்தபடி கை தொங்கும். ஆனால், விரல்கள் நன்றாகவே அசையும். இங்கேதான் குடும்பத்தார் ஏமாந்து போகின்றனர். "விரலைப் பிடிக்கிறானே, கை நல்லாத்தான் இருக்கு" என்று பாட்டி சொன்னால், அதற்கு மேல் வீட்டில் யார் பேசுவார்கள்?

நம்மவர்கள் இதனை அறிந்திருக்க வேண்டியதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. தாய்க்கு நீரிழிவு இருந்தால் குழந்தை பெருத்துப் பிறக்க வாய்ப்பு மிகுதி. பெருத்த குழந்தைக்குத் தோள் சிக்கும் வாய்ப்பும் மிகுதி. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். இதைச் சொல்வது எந்தத் தாயையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அன்று. நீரிழிவே இல்லாத தாய்க்கும், சிறிய குழந்தைக்கும்கூட இது நேர்கிறது.

இனி, நான் மறுக்க விரும்பும் சொல்லுக்கு வருகிறேன். "தானாகச் சரியாகிவிடும்." இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது, பாதி உண்மை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நரம்பு மீண்டும் உயிர்பெறுவது உண்மைதான். பத்தில் ஒன்பது பிள்ளைகள் முழுக்கக் குணமடைவர் என்றுகூட முன்பு எழுதி வந்தார்கள். ஆனால், 2004-இல் அதுவரை வந்த ஆய்வுகளை நெதர்லாந்து மருத்துவர்கள் திரட்டிப் பார்த்தபோது, அந்த நம்பிக்கைக்கு உறுதியான சான்று இல்லை என்றும், 20 முதல் 30 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் குறை எஞ்சிவிடுகிறது என்றும் மதிப்பிட்டார்கள். உங்கள் குழந்தை எந்தப் பக்கம் என்பதை முதல் வாரத்தில் யாராலும் சொல்ல இயலாது. அப்படியிருக்க, காத்திருப்பதை ஒரு சிகிச்சைபோலப் பேசுவது என்ன நியாயம்?

இயன்மருத்துவம், அதாவது பிசியோதெரபி, அறுந்த நரம்பை ஒட்ட வைப்பதில்லை. நரம்பு தானாகத்தான் வளர வேண்டும். அதுவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே. அந்த நரம்பு தசைக்கு வந்து சேரும்வரை மூட்டு இறுகிப் போகாமல் காப்பதே பயிற்சியின் வேலை. விருந்தாளி வந்து தட்டும்போது கதவு துருவேறித் திறக்க முடியாமல் போனால் வந்து என்ன பயன்? உட்பக்கம் திரும்பிய தோள் அப்படியே இறுகிவிட்டால், வளரும் எலும்பே உருமாறி, தோள்மூட்டு பின்பக்கமாக நழுவத் தொடங்கும். சில பிள்ளைகளுக்கு இது முதலாண்டிலேயே நேர்ந்துவிடுகிறது.

பயிற்சிகள் பார்வைக்கு மிக எளியவை. மேற்கையை விலாவோடு அணைத்து, முழங்கையை மடக்கி, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பிச் சில நொடிகள் பிடித்திருப்பது இவற்றில் முதன்மையானது. தோள்பட்டை எலும்பை ஒரு கையால் நிலைநிறுத்திக்கொண்டு குழந்தையின் கையை மேலே உயர்த்துவது, உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்புவது ஆகியவையும் உண்டு. எலும்பு முறிவு இல்லை என்று உறுதிசெய்த பின், மருத்துவர் சொல்லும் நாளில், முதல் சில வாரங்களுக்குள்ளேயே இவற்றைத் தொடங்குகின்றனர். டயப்பர் மாற்றும்போதெல்லாம் செய்தால் மறக்காது. சட்டை போடும்போது நலிந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். அக்குளைப் பிடித்தோ கையைப் பிடித்தோ தூக்கவே கூடாது. (முற்காலத்தில் அந்தக் கையை உயர்த்திக் கட்டி வைக்கும் வழக்கம் இருந்தது. மூட்டு வேறு விதமாக இறுகியதால் அதனைக் கைவிட்டார்கள்.)

எளியது என்பதால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று பொருளன்று. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது கை கால்களைக் குறுக்கே இழுத்து நீவி விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. காயம்பட்ட தோளுக்கு அந்த இழுப்பு ஆகாது. நாள் முழுவதும் துணித்தொட்டிலில் கை ஒடுங்கக் கிடப்பதும் நல்லதன்று என்பேன். விழித்திருக்கும் நேரத்தில், பார்வையில் வைத்துக்கொண்டு, குப்புறப் படுக்க வைத்து இரு கைகளையும் ஊன்றப் பழக்க வேண்டும்.

நாள்கணக்கைக் கவனியுங்கள். 2017-இல் வெளிவந்த கனடா நாட்டு வழிகாட்டி, ஒரு மாதத்திற்குள் கை முழுமையாக மீளாத குழந்தையைச் சிறப்பு மருத்துவக் குழுவிடம் அனுப்ப வேண்டும் என்கிறது. நம் வீடுகளிலோ அந்த முதல் மாதம் பத்தியக் காலம். தாயும் சேயும் வாசல் தாண்டக் கூடாது! பத்தியத்தை நான் பழிக்கவில்லை. மருத்துவமனைக்குச் செல்வது அதில் அடங்காது என்றுதான் சொல்கிறேன். அரசு மருந்தகத் தாதியர் வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் பார்க்கும் நல்ல வழக்கம் இந்நாட்டில் இருக்கிறது. அவர்களிடம் அந்தக் கையைக் காட்டுங்கள்.

அடுத்த கெடு மூன்றாம் மாதம். அதற்குள் குழந்தை முழங்கையைத் தானே மடக்கத் தொடங்காவிட்டால், நரம்பு அறுவைச் சிகிச்சை தேவையா என்று வல்லுநர் பார்க்க வேண்டும். அத்தகைய சிகிச்சையைப் பெரும்பாலும் மூன்று முதல் ஒன்பது மாதத்திற்குள் செய்கின்றனர். டொரோண்டோ மருத்துவர்கள் ஒன்பதாம் மாதத்தில் ஒரு சோதனை வைக்கிறார்கள். குழந்தையின் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து, மேற்கையை உடலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். கை வாய்க்குப் போகிறதா, வாய் கையைத் தேடிக் குனிகிறதா என்று பார்ப்பார்கள். எத்துணை எளிய சோதனை! ஆனால், பயிற்சிக்கே வராத குழந்தைக்கு இந்தச் சோதனையை யார் செய்வது?

முதலாம் ஆண்டு வகுப்பில் எனக்கொரு மாணவி இருந்தாள். சிற்றுண்டிச் சாலையில் ரொட்டியை வாய்க்குக் கொண்டு போகும்போதெல்லாம், கொம்பு ஊதுபவரைப்போல முழங்கையைப் பக்கவாட்டில் உயர்த்துவாள். மருத்துவ நூல்களிலும் இதற்கு 'ஊதுகொம்பு அடையாளம்' என்றே பெயர். தோள் வெளிப்பக்கம் திரும்பாததால் வருவது. பெற்றோரிடம் கேட்டேன். பிறந்த மருத்துவமனையில் பயிற்சி பற்றி ஒரு நகல்தாள் கொடுத்தார்களாம். மலாயும் ஆங்கிலமும் கலந்தது. தாய் வேலைக்குத் திரும்பியதும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் பாட்டி. அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். தாள் அலமாரியில் கிடந்தது.

2023 சனவரி முதல் தனியார் துறையிலும் மகப்பேற்று விடுமுறை 98 நாள்களாக உயர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால், கணக்குப் பாருங்கள்: 98 நாள் என்பது மூன்று மாதமும் சில நாள்களும். மருத்துவர் முழங்கையைப் பார்த்து முடிவெடுக்கும் அதே நேரத்தில் தாய் வேலைக்குத் திரும்ப, பயிற்சி அறியாதவர் கைக்குக் குழந்தை போகிறது. ஆகவே, பயிற்சியைத் தாய்க்கு மட்டும் கற்றுக்கொடுப்பது பாதி வேலைதான். நாளெல்லாம் குழந்தையை வைத்திருக்கப் போகிறவர் யார் என்று கேட்டு, அவரையும் வரவழைத்துக் கற்பிக்க வேண்டும். தாளைப் படங்களோடு தமிழிலும் அச்சிட வேண்டும். பெரும் பொருட்செலவு பிடிக்கும் செயலா இது?

மருத்துவமனை மாறும்வரை நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அடுத்த சந்திப்புக்குப் போகும்போது பாட்டியையோ பிள்ளை பார்க்கும் அம்மாவையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். இயன்மருத்துவர் செய்து காட்டிய பின், அவர் முன்னிலையிலேயே அவர்களையும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். கைப்பேசியில் படம்பிடித்துக்கொள்ள இசைவு கேளுங்கள். தாள் தொலைந்தாலும் அந்தப் படம் வீட்டில் இருக்கும்.