அளந்து பார்த்து நடங்கள்

மினசோட்டாவின் அப்பர் ரெட் ஏரி அகலமானது, ஆழம் குறைந்தது. அதனால் சீக்கிரம் உறையும். உறைந்த ஏரியின்மேல் மீன்பிடிக்கும் தூண்டிற்காரர்களும் சீக்கிரம் கூடுவார்கள். 2023 டிசம்பர் இறுதியில் அங்கே ஒரு பெரிய பனிப்பாளம் பிரிந்து நகர்ந்துவிட, 100-க்கும் மேற்பட்டோரை மீட்க வேண்டியதாயிற்று. ஏரி முழுவதும் ஒரே கனத்தில் உறைவதில்லை. பனிப்பொழிவு மேலே போர்வையாக மூடினால் உறைவது மந்தமாகும். ஆள் நடக்கத் தெளிந்த பனி 4 அங்குலமாவது வேண்டும். வெண்மையாகத் தெரியும் பனியின் வலு அதில் பாதிதான் என்பதால் இரண்டு மடங்கு கனம் தேவை. கரையோரம் ஒரு துளை போட்டுப் பார்த்துவிட்டு நடுஏரிக்கு வண்டியை ஓட்டுவதை என்னால் துணிச்சல் என்று ஏற்க முடியாது. போகப்போகத் துளையிட்டு அளக்க வேண்டும். மீன் எங்கும் ஓடிவிடாது. இருட்டத் தொடங்கும் வேளையில் வால்ஐ (walleye) என்னும் மீன் இரைதேடிக் கிளம்பும். மங்கிய ஒளியிலும் பார்க்கும் கண் அதற்கு. குளிர்நீரில் அதன் உடல் மந்தமாக இயங்குவதால் தூண்டிலை வேகமாக ஆட்டுவதைவிடச் சற்றே அசைத்து, நிறுத்தி, காத்திருப்பது பெரும்பாலும் பலன் தரும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: 30 அடிக்குக் கீழிருந்து இழுத்த மீனுக்குக் காற்றுப்பை உப்பிவிடும், திரும்ப விட்டாலும் பல பிழைப்பதில்லை. விட்டுவிடுவதற்காகவே பிடிப்பவர்கள் ஆழமான இடங்களில் தூண்டில் போடவே கூடாது.