இன்சுலின் கடைசி ஊசி அல்ல

என் தாய்மாமாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடங்கள் ஆகின்றன. மூன்று விதமான மாத்திரைகள் விழுங்கியும் வெறும்வயிற்றுச் சர்க்கரை 260-க்குக் கீழே இறங்கவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 11-ஐத் தாண்டிவிட்டது. உடம்பு இளைத்துக் கன்னம் ஒட்டிவிட்டது. இரவில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். சென்ற மாதம் டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே வீட்டில் சொந்தபந்தம் கூடிவிட்டது. “ஊசி மட்டும் வேணாம் மாமா, ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாது” என்றான் பொறியியல் படித்த ஒருவன். “எங்க தெருவுல ஒருத்தர் இன்சுலின் போட்டாரு, ஆறே மாசத்துல கிட்னி போயிடுச்சு” என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்துச் சீட்டு அலமாரிக்குள் போனது. ஆவாரம்பூக் கஷாயம் அடுப்பில் ஏறியது.

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. படிக்காதவர்கள் யாரும் அந்தக் கூடத்தில் இல்லை. எல்லோரும் நாளிதழ் வாசிப்பவர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள். அத்தனை பேரும் ஒரே குரலில் ஒரு பொய்யைச் சொன்னார்கள்: இன்சுலின் என்பது கடைசிக் கட்டம், அதைத் தொட்டால் மீள முடியாது. இந்தப் பொய்யை நான் கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், பூங்காவில் நடைப்பயிற்சி செய்பவர்களிடம் கேட்டிருக்கிறேன், மருத்துவமனை வராந்தாவிலேயே கேட்டிருக்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. அந்த வீடுகளில் எத்தனையில் இதே கூட்டம் கூடியிருக்கும், எத்தனை சீட்டுகள் அலமாரிக்குள் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இன்சுலின் ஆளைக் கொல்லும் என்பவர்களுக்கு நான் ஒரே ஒரு பெண்ணைக் காட்டுகிறேன். பெயர் எலிசபெத் ஹியூஸ். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த சார்லஸ் எவான்ஸ் ஹியூஸின் மகள். 1919-இல், 11 வயதில், அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அப்போது உலகில் இன்சுலின் மருந்து கிடையாது. இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. டாக்டர் ஃப்ரெடெரிக் ஆலன் வகுத்த முறைப்படி, ஒரு வளரும் பெண்ணுக்கு நாளெல்லாம் சில நூறு கலோரி மட்டுமே கொடுத்து உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். 1922 ஆகஸ்டில் டொரொண்டோவில் டாக்டர் ஃப்ரெடெரிக் பான்டிங்கிடம் அழைத்துப் போனபோது அவளுக்கு 15 வயது நிறையும் தறுவாய். எடை சுமார் 20 கிலோ. அங்கே அவளுக்கு இன்சுலின் ஏற்றினார்கள். சில மாதங்களில் சதை பிடித்து வீடு திரும்பினாள். கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றாள், மணந்தாள், மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். 1981-இல், தன் 73-ஆம் வயதில் இறந்தாள். 58 ஆண்டுகள், ஏறத்தாழ 42,000 ஊசிகள். ஆறு மாதத்தில் கிட்னி போய்விடும் என்று சொன்ன பெரியவர் எலிசபெத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?

இன்சுலின் வெளியிலிருந்து வந்த அந்நியப் பொருளும் இல்லை. நம் ஒவ்வொருவர் கணையத்திலும் பீட்டா செல்கள் அதை இரவும் பகலும் சுரக்கின்றன. நல்ல உடம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 யூனிட் சுரக்கும். சாப்பிடாத நேரத்தில் சிறிதளவு கசிந்துகொண்டே இருக்கும், சாப்பிட்டதும் பெருகும். ரத்தத்திலுள்ள குளுக்கோஸைத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் அனுப்புவதும், கல்லீரல் கண்டபடி சர்க்கரையை உற்பத்தி செய்யாமல் தடுப்பதும், கொழுப்பு கரைந்து ஓடாமல் நிறுத்தி வைப்பதும், தசை தேயாமல் காப்பதும் இந்த ஒரே ஹார்மோன்தான். அது குறைந்தால் ரத்தத்தில் சர்க்கரை குவிந்து கிடக்கும்போதே உடம்பு பட்டினி கிடக்கிறது. கொழுப்பையும் தசையையும் எரித்துக்கொள்கிறது. என் மாமாவின் கன்னம் ஒட்டியதற்குக் காரணம் இதுதான். அந்த உடம்பு இன்சுலின் கேட்டுக் கதறுகிறது. வீட்டார் அதற்குக் கஷாயம் ஊற்றுகிறார்கள்.

‘அடிமையாகிவிடும்’ என்கிறார்களே, எதற்கு யார் அடிமை? கணையம் ரத்தத்தில் கலக்கும் இன்சுலினில் பாதி ஐந்தாறு நிமிடத்துக்குள் கழிந்துவிடுகிறது. ஊசியில் போடும் வகைகளில் சில ஒருசில மணி நேரம் வேலை செய்யும், சில ஒரு நாளோ அதற்குச் சற்று மேலோ வேலை செய்யும். அதன் பிறகு போய்விடும். போதைப் பொருள் செய்வதுபோல் மூளையில் ஏக்கத்தை உண்டாக்கும் வேலை எதையும் அது செய்வதில்லை. எலிசபெத் 58 ஆண்டுகள் ஊசி போட்டது அவள் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டதால். மூச்சு விடுவதற்கு நாம் அடிமை என்று யாராவது சொன்னால் ஏற்பீர்களா?

‘ஆரம்பித்தால் நிறுத்த முடியாது’ என்பது அடுத்த பொய். இதை உடைக்க நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமே போதும். கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால் சில பெண்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். இந்தச் சோதனையை நாடெங்கும் கொண்டுபோக வாழ்நாளெல்லாம் பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. உணவுக் கட்டுப்பாட்டில் அடங்காதவர்களுக்கு இன்சுலின் போடுகிறார்கள். பிரசவம் ஆகி நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலானவர்களுக்கு அந்த ஊசி நின்றுவிடுகிறது. இப்படி ஊசி போட்டு, பிள்ளை பெற்று, ஊசியை மறந்துவிட்ட பெண்கள் நம் உறவிலேயே இருக்கிறார்கள். மாமா வீட்டுக் கூடத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி அப்படிப்பட்டவள்தான். அவளும் வாயைத் திறக்கவில்லை.

அறுவை சிகிச்சை, கடும் காய்ச்சல், மாரடைப்பு போன்ற நேரங்களிலும் இதே கதைதான். உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது கார்ட்டிசால், அட்ரினலின், குளுகாகான் எல்லாம் பொங்கி எழுந்து சர்க்கரையை ஏற்றும். அப்போது இன்சுலின் கொடுப்பார்கள். தேறியதும் பலர் பழையபடி மாத்திரைக்குத் திரும்புகிறார்கள். புதிதாக நோய் கண்டு சர்க்கரை உச்சத்தில் இருப்பவர்களுக்குச் சில வாரம் இன்சுலின் போட்டால், களைத்துக் கிடந்த பீட்டா செல்கள் ஓரளவு தெளிந்து, பின்பு மாத்திரையோ உணவுக் கட்டுப்பாடோ மட்டும் போதுமென்று ஆகிற நோயாளிகளும் உண்டு. எதை வைத்து ‘நிறுத்தவே முடியாது’ என்று சத்தியம் செய்கிறார்கள்?

கிட்னி விஷயத்துக்கு வருவோம். வருடக்கணக்கில் ஊசிக்குப் பயந்து, 300-லும் 400-லும் சர்க்கரையை ஓடவிட்டு, சிறுநீரில் புரதம் போகத் தொடங்கிக் கால் வீங்கிய பிறகு ஒருவர் இன்சுலின் போடுகிறார். சில மாதத்தில் டயாலிசிஸ். உடனே பழி ஊசி மேல் விழுகிறது. கிணறு வற்றியதால் தண்ணீர் லாரி வருகிறது. லாரி வந்ததால்தான் கிணறு வற்றியது என்று எந்த ஊரிலாவது சொல்வார்களா? 1993-இல் வெளியான டிசிசிடி ஆய்வு 1,441 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்தது. இன்சுலினை நாளுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ ஊசியாகவோ, பம்ப் மூலமோ செலுத்திச் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு விழித்திரை நோய் வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. சிறுநீரகக் கோளாறும் நரம்புக் கோளாறும் பாதிக்குப் பாதி குறைந்தன. கண்ணையும் கிட்னியையும் காத்த மருந்தின் மேலேயே அவற்றைக் கெடுத்ததாகக் குற்றம் சாட்டுகிறோம். எலிசபெத்தின் கிட்னி ஆறு மாதத்தில் போயிருந்தால் 1981 வரை எப்படி இருந்திருப்பாள்?

‘கடைசிக் கட்டம்’ என்ற சொல்லை நம் வாயில் ஊட்டியவர்களில் மருத்துவர்களும் உண்டு. “மாத்திரையை ஒழுங்கா சாப்பிடலேன்னா அப்புறம் ஊசிதான்” என்று மிரட்டுகிற டாக்டர்களை நான் நேரில் கேட்டிருக்கிறேன். மருந்தைத் தண்டனையாகக் காட்டிவிட்டு, பிறகு அதே மருந்தை நோயாளி விரும்பி ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படும்போதே பீட்டா செல்களின் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும் என்றும், வருடம் ஏற ஏற மிச்சமும் குறையும் என்றும் காட்டியது. நோயின் இயல்பே அது. இன்சுலின் தேவைப்படுவது நோயாளி செய்த குற்றமாகாது. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பத்து வருடம் கழித்து ஒரு குடும்பம் ஒப்பாரி வைக்காது. ஆனால் நம் வெளிநோயாளர் பிரிவுகளில் ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். ஊசியை எங்கே போடுவது, பக்கம் மாற்றிப் போடுவது, லோ சுகர் வந்தால் என்ன சாப்பிடுவது என்று உட்கார வைத்துச் சொல்லித்தர ஆளில்லை. நம் நாட்டில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் அளவில் வருகிறது. அதற்கு 40 யூனிட் சிரிஞ்சுதான் வாங்க வேண்டும், 100 யூனிட் சிரிஞ்சு வாங்கினால் அளவு தப்பிவிடும் என்பதைக்கூடச் சொல்லாமல் அனுப்புகிறார்கள். அளவு தப்பி ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தெரு முழுவதும் அதே பாட்டு: பாத்தியா, இன்சுலின்!

இந்தப் பயத்தை வைத்து வயிறு வளர்ப்பவர்கள் மேல்தான் என் பெருங்கோபம். ‘இன்சுலினைத் தூக்கி எறியுங்கள்’ என்று காணொளியில் முழங்கிவிட்டுப் பொடி டப்பா விற்கிறார்கள். மாதக்கணக்கில் பணம் பறிக்கிறார்கள். பான்டிங்கும் அவருடைய கூட்டாளிகளான பெஸ்டும் காலிப்பும் இன்சுலினுக்கான காப்புரிமையை 1923-இல் ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரொண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். உயிர் காக்கும் மருந்து எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தவர்கள் நம் கண்ணுக்கு வியாபாரிகள். பொடி விற்பவர்கள் தர்மவான்கள்! இன்சுலினே சுரக்காத முதல் வகைக் குழந்தைகளின் பெற்றோரையும் இந்தக் கும்பல் விடுவதில்லை. ஊசியை நிறுத்தினால் அந்தக் குழந்தைக்குச் சில நாளில் கீட்டோன் ஏறி, வாந்தி வந்து, மூச்சு வாங்கி, நினைவு தப்பும். தாமதித்தால் உயிர் போகும். பொய்யைச் சொல்லி ஒரு குழந்தையின் ஊசியை நிறுத்த வைப்பவன் மேல் கொலை வழக்குப் போட வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. உடம்பு மெலிய வாரம் ஒரு ஊசி வந்திருக்கிறது என்றதும் வசதியுள்ளவர்கள் மருந்துக் கடையில் முன்பதிவு செய்கிறார்கள். அதுவும் குடலில் சுரக்கும் ஹார்மோனைப் பின்பற்றிச் செய்த மருந்துதான். நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்ப ஏறுகிறது. அதை யாரும் ‘அடிமை’ என்பதில்லை, ‘கடைசிக் கட்டம்’ என்பதில்லை. அழகுக்குப் போடும் ஊசி கௌரவம், உயிருக்குப் போடும் ஊசி அவமானம் என்றால் கோளாறு நம் புத்தியில்தான் இருக்கிறது.

அவமானம் என்றதும் நம் பெண்பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். முதல் வகைச் சர்க்கரை உள்ள பெண்கள் பள்ளிக் கழிப்பறைக்குள் ஒளிந்து ஊசி போட்டுக்கொள்கிறார்கள். வரன் பார்க்கும்போது பெற்றோர் மறைக்கிறார்கள். மறைத்தது தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் துரத்துகிறார்கள். பிள்ளை பெற முடியாது என்கிறார்கள். எலிசபெத் மூன்று பெற்றாள். அவளும் தன் நோயை ஆயுள் முழுவதும் ஊரறியாமல் மறைத்தே வாழ்ந்தாள். நூறு வருடம் கழிந்த பிறகும் நம் பிள்ளைகளை அதே இருட்டில் நிறுத்தி வைத்திருப்பது நமக்குத் தலைகுனிவு.

நாளைக்கு உங்கள் வீட்டில் ஒருவருக்கு இன்சுலின் எழுதினால், சொந்தக்காரர்களைக் கூட்டி வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். எனக்கு ஏன் தேவைப்படுகிறது, எத்தனை காலம், எப்படிப் போடுவது, லோ சுகர் வந்தால் என்ன செய்வது என்று டாக்டரிடமே கேளுங்கள். பதில் புரியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். அவர் சொல்லாமல் அளவைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். வீட்டில் எவராவது ‘ஊசி வேணாம்’ என்று தொடங்கினால், 20 கிலோவாகத் தேய்ந்து போய் இன்சுலினால் 73 வயது வரை வாழ்ந்த அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி அவர் வாயை அடையுங்கள். மருந்துச் சீட்டை அலமாரியிலிருந்து எடுங்கள். இன்றைக்கே எடுங்கள்.