வாயிலில் நின்ற கஷாயம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் என் பாட்டனார் குடல் அசைவற்று, வயிறு உப்பிக் கிடந்தார். பெரியப்பா சுக்குக் கஷாயத்தோடு வந்தார், நர்ஸ் தடுத்துவிட்டார். அன்று நானும் சினந்தேன். இன்று நர்ஸின் பக்கமே நிற்பேன். மயங்கியவர் வாயில் ஊற்றியது நுரையீரலுக்குள் இறங்கிவிடும் அன்றோ?

ஆயினும், மூலிகை என்றாலே நகைக்கும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானில் சுக்கு, ஜின்செங், சான்ஷோ என்னும் காரக்காய், மால்ட் சர்க்கரை சேர்ந்த ‘டைகென்சூட்டோ’வை வயிற்று அறுவைக்குப்பின் குடல் இயங்க மருத்துவர்களே அளவறிந்து தருகின்றனர். ஆய்வு முடிவுகள் ஒருமுகமாக இல்லை, எனினும் ஆய்ந்தார்கள்! 1964 முதல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி கொண்ட நாம், நம் கஷாயங்களையும் நோயாளியின் படுக்கையருகே அப்படிச் சோதித்தல் வேண்டும்.

பாட்டனார் பிழைத்தார். பெரியப்பா இன்னும் அந்த நர்ஸை மன்னிக்கவில்லை.