கார் ஷெட்டும் முட்டை அட்டையும்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுவதால் எங்கள் ஊருக்குத் திருமுக்கூடல் என்று பேர். ஆறுகள் சத்தமில்லாமல் கூடிவிடும். கிடார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் கூடினால் தெருவே கூடிவிடும் :-)

எதற்கு இந்தப் பீடிகை? கல்லூரியில் பேண்ட் ஆரம்பிக்கிற எல்லோரும் முதலில் தேடுவது யாராவது ஒருத்தன் வீட்டுக் கார் ஷெட். அடுத்த வேலை, பரோட்டாக் கடையில் முட்டை அட்டை வாங்கி வந்து சுவர் முழுக்க ஒட்டுவது. உடனே அது 'சவுண்ட் புரூஃப்' ஆகிவிட்டதாம்! சத்தியமாக ஆகாது மக்களே.

முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். வெளியே போகிற சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், ஓட்டை இருக்கக் கூடாது. அட்டைக்கு ஏது எடை? போதாக்குறைக்குத் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

பி.காம். படிக்கிறவனுக்கு டெசிபல் எதற்கு என்று கேட்காதீர்கள். இதுவும் கணக்குதான். பூசிய செங்கல் சுவர் சுமார் 40 டெசிபல் தடுக்கும். ஆனால் சுவர்ப் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தால் போதும், மற்ற இடம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. நம் பக்கத்து ஷெட்டில் ஷட்டருக்கு அடியில் இடைவெளி, கூரை ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி. உள்ளே டிரம்ஸ் 100 டெசிபல் என்றால் வெளியே 80. ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்கு அனுமதிப்பது பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45.

ஆகவே முதல் காசு ஷட்டருக்குத்தான் போக வேண்டும். அதைக் கழற்றிவிட்டுச் சுவர் எழுப்பி, ரப்பர் விளிம்பு வைத்த கனமான மரக்கதவு போட வேண்டும். முழுசாகச் செய்வதென்றால் பழைய சுவரைத் தொடாமல் உள்ளே இன்னொரு அறை, அதற்குத் தனிக் கூரை, நடுவில் ராக்வூல். பிறகு காற்று? மே மாத வெயிலில் ஐந்து பேர் அடைத்த அறையில் வாசிக்க முடியுமா? ஸ்பிளிட் ஏசி குளிர்விக்கும், புதுக் காற்று தராது. வளைந்து போகிற காற்றுக்குழாயும் வேண்டும். பட்ஜெட் எங்கே போகிறது பாருங்கள்.

"ஏ.ஆர்.ரஹ்மான் வீட்டுக்குப் பின்னாடிதானே ஸ்டுடியோ கட்டினார்?" என்பான் ஒருத்தன். உண்மைதான். 1989-ல் கோடம்பாக்கத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் தொடங்கினார், 1992-ல் 'ரோஜா' வந்தது. ஆனால் அவர் அப்போதே மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்தும் விளம்பர ஜிங்கிள் செய்தும் சம்பாதித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது முதலீடு. நமக்கு அப்பா காசில் செலவு.

இன்னொரு கேள்வியும் வரும். "ஆடி மாசம் ஸ்பீக்கர் அலறும்போது யாரும் கேட்பதில்லை. நம்மை மட்டும் ஏன்?" திருவிழா சில நாளில் முடியும், ஊரே அதில் பங்காளி. நாம் ஒரே பாட்டை நாற்பது தடவை தப்பாக வாசிப்போம், அதுவும் தினமும். காஞ்சிபுரத்தில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தைச் சகித்துக்கொள்கிறார்கள் என்றால், அது சோறு போடுகிற சத்தம்.

அதற்காக வாசிக்காதே என்று சொல்லவில்லை. நம் ஊர்ப் பசங்களுக்கு ஒத்திகை பார்க்க வேறு இடம் எங்கே இருக்கிறது? தினசரிப் பயிற்சி ஹெட்போனிலும் பிராக்டிஸ் பேடிலும் நடக்கட்டும். முழு ஒத்திகை வாரம் இரண்டு நாள், மாலை ஏழு மணிக்குள். பரீட்சை மாதத்தில் அதுவும் வேண்டாம்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். டிரம்மரை ஷெட்டில் வாசிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் அனுமதி கேட்டு, அவர்கள் படுக்கை அறையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். எவ்வளவு செலவழிக்க வேண்டும், எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் இரண்டும் அங்கேயே தெரிந்துவிடும். முட்டை அட்டை முட்டைக்கே இருக்கட்டும்.