ஒரே வீடு, நாலு ஜில்லா

தாராபுரத்தில் 1970-ல் பிறந்த ஒருவர், பிறந்த வீட்டை விட்டு ஒரு நாள்கூட வேறு வீட்டுக்குக் குடிபோகாமல், நாலு ஜில்லாக்களில் வாசம் செய்திருக்க முடியும். மாயமந்திரம் ஒன்றுமில்லை. பிறந்தது கோயமுத்தூர் ஜில்லா. 1979-ல் அதிலிருந்து பிரித்துப் பெரியார் மாவட்டம் என்றார்கள். ஜில்லாக்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாமென்று 1997-ல் சர்க்கார் தீர்மானித்தபோது, அதுவே ஈரோடு மாவட்டம் ஆயிற்று. 2009 பிப்ரவரியில் திருப்பூர் மாவட்டம் பிறந்தது. தாராபுரமும் காங்கேயமும் ஈரோட்டை விட்டு அதில் வந்து சேர்ந்தன. அவிநாசி, பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் கோவை கொடுத்த சீதனம்.

பிறப்புச் சான்றில் ஒரு ஜில்லா, கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஜில்லா, கிரயப் பத்திரத்தில் ஒரு ஜில்லா, ஆதார் அட்டையில் இன்னொன்று. "இவர் ஒருவரா, நால்வரா?" என்று குமாஸ்தா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் யாரைக் குறை சொல்வது?

தாராபுரத்துக்காரருக்கு இன்னொரு மனக்குறையும் இருக்கலாம். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, கும்பினியார் நொய்யலாற்றைக் கோடாக வைத்துக் கொங்குச் சீமையை இரண்டாக்கினார்கள். வடக்கே பவானி தலைமை. தெற்கே சாக்ஷாத் தாராபுரம்! 1804-ல் இரண்டையும் ஒன்றாக்கிக் கோயமுத்தூரில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தப் பெருமை அதோடு போயிற்று. அன்று எல்லையாயிருந்த நொய்யல் இன்று ஜில்லாத் தலைநகரான திருப்பூரின் நடுவே ஓடுகிறது. (ஓடுகிறது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சாயத் தண்ணீரின் கதை தனிக் கதை.)

அந்தத் திருப்பூரே ஒரு காலத்தில் பல்லடம் தாலுகாவைச் சேர்ந்த ஓர் ஊர்தான். இப்போது பல்லடம் திருப்பூர் ஜில்லாவில் ஒரு தாலுகா! மாமியாரும் மருமகளும் இடம் மாறிக்கொண்ட மாதிரி. பனியன் செய்த வேலை இது. தாலுகாவை இப்போது 'வட்டம்' என்கிறோம். படத்தில் பார்த்தால் ஒன்றாவது வட்டமாக இல்லை, போகட்டும்.

பெயர் எதுவானாலும் ஜனங்களுக்கு வேண்டியது கலெக்டர் ஆபீஸ் எத்தனை தூரம் என்பதுதான். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் ஈரோட்டைவிடத் திருப்பூர் கிட்டத்தில் இருக்கிறது, அவர்களுக்கு லாபம். தெற்குக் கோடியிலுள்ள மடத்துக்குளத்துக்கு மட்டும் அன்று கோவை எத்தனை தூரமோ, ஏறக்குறைய அத்தனை தூரம்தான் இன்று திருப்பூரும். எட்டிய தூரத்தில் இருக்கும் பழநியோ திண்டுக்கல் ஜில்லா. மடத்துக்குளத்துக்காரர் குறை சொல்ல வேண்டுமானால், மனுவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை விடிவதற்குள் உடுமலைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.