மின்னஞ்சலின் சாவி யார் கையில்?

உயர்தரத்தில் சித்தியடைந்த மகளின் தகப்பன் ஒருவர் அண்மையில் எமது கிளைக் காரியாலயத்துக்கு வந்தார். சந்தோஷச் செய்தி சொல்ல அல்ல. பல்கலைக்கழக விண்ணப்பத்தை டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் நிரப்பியிருக்கிறார்கள். மின்னஞ்சல் முகவரியையும் அங்கேயே திறந்திருக்கிறார்கள். கடவுச்சொல்லைப் போட்டது கடைப் பையன். மீட்புக்கென்று கொடுத்த தொலைபேசி இலக்கமும் அவனுடையது. பையன் இப்போது அந்தக் கடையில் இல்லை. இலக்கமும் வேலை செய்யவில்லை. என்ன கடிதம் வந்து கிடக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது.

"படித்த பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது?" என்று அங்கிருந்த ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி எமக்குப் பிடிக்கவில்லை. லயத்துக்குத் தனி முகவரி இல்லாமல், வந்த கடிதமெல்லாம் தோட்டக் கந்தோரில் தேங்கிக் கிடந்து, நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்தபின் கைக்கு வந்த கதைகள் எங்கள் வீடுகளில் எத்தனையோ உண்டு. எமக்கென்று முகவரி வேண்டும் என்று எத்தனை காலம் கேட்டோம்! மின்னஞ்சலும் ஒரு முகவரிதான். அதை மறுபடியும் இன்னொருவர் மேசையில் வைத்துவிட்டு வருகிறோம் என்பதே எமது கவலை.

விண்ணப்பங்களை இணையத்துக்கு மாற்றிய அரச நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. மின்னஞ்சல் முகவரி கட்டாயம் என்று படிவத்தில் போட்டால் மட்டும் போதாது. அது பூட்டிக்கொண்டால் தமிழில் பேசி உதவ, பிரதேச செயலகத்தில் ஒருவராவது இருக்க வேண்டும். இதை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அதுவரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது.

மின்னஞ்சல் திறக்காவிட்டால் பலரும் பயந்துபோய்க் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். அதனால் பூட்டு இன்னும் இறுகும். முதலில் திரையில் வரும் வசனத்தை வாசியுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் ஜிமெயில் உள்நுழையும் பக்கத்தின் அடியில் மொழியைத் தமிழுக்கு மாற்றலாம். கணக்கைக் காணவில்லை என்று வந்தால் முகவரியில் பிழை; பெயருக்குப் பின்னால் போட்ட பிறந்த ஆண்டு விடுபட்டிருக்கலாம். (ஜிமெயில் முகவரியில் பெயருக்கு நடுவே வரும் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதற்காக மண்டையை உடைக்க வேண்டாம்.) கடவுச்சொல் பிழை என்று வந்தால், அடித்ததைக் காட்டச் சொல்லி ஒருமுறை பாருங்கள். பெரிய ஆங்கில எழுத்தும் சிறிய எழுத்தும் அங்கே வேறு வேறு. பலமுறை முயன்றுவிட்டீர்கள் என்று வந்தால் கையை எடுத்துவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். பக்கமே பாதுகாப்பில்லை என்று சொன்னால் போனின் திகதியையும் நேரத்தையும் பாருங்கள். அவை பிழையாக நின்றாலும் இப்படி வரும்.

கடவுச்சொல் உண்மையாகவே மறந்துபோனால், முன்பு அந்தக் கணக்கைத் திறந்த அதே போனிலிருந்து மீட்க முயல வேண்டும். கூகுளுக்கு அடையாளம் காண அது இலகு. அந்த மகளின் விடயமும் அப்படித்தான் சரிவந்தது. திரை வெடித்துப் பெட்டிக்குள் கிடந்த அக்காவின் போனில் ஒருமுறை அதைத் திறந்ததாகப் பிள்ளைக்கு நினைவு வந்தது. சார்ஜ் ஏற்றிப் பார்த்தால் கணக்கு இன்னும் மூடாமல் கிடக்கிறது! அதை வைத்தே கடவுச்சொல்லையும் இலக்கத்தையும் மாற்றினோம். எல்லோருக்கும் இப்படி அதிர்ஷ்டம் வாய்க்காது.

பெரும்பாலும் காலை வாருவது சிம்தான். மலிவு டேட்டாவுக்காக சிம்மை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். பாவிக்காமல் விட்ட இலக்கம் பின்னர் வேறொருவர் கைக்குப் போகலாம். உங்களுக்கு வரவேண்டிய குறியீடும் அவருக்கே போகும். சிம் உங்கள் தேசிய அடையாள அட்டையில் பதிவாகியிருந்தால், தொலைந்தாலும் அதே இலக்கத்தைத் திரும்ப எடுக்கலாம். கடைக்காரர் பெயரில் இருந்தால் அவர் பின்னால்தான் அலைய வேண்டும். இன்னொன்று: இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். 2023 டிசம்பரில் அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். சாதாரண தரப் பரீட்சைக்காகத் திறந்த மின்னஞ்சலை உயர்தரம் முடிந்த பிறகுதான் தேடுகிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் எங்கள் பெண்கள் நகர்வதில்லை. அதே பெண்கள், போனுக்கு வந்த குறியீட்டை யாரோ ஒருவர் அழைத்துக் கேட்டதும் வாசித்துக் காட்டிவிடுகிறார்கள். பரிசு விழுந்தது என்றாலும், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றாலும் அந்த இலக்கங்களைச் சொல்லாதீர்கள்.

ஊருக்குச் சொல்லும் நாமும் ஒழுங்கில்லை. எமது கிளையின் மின்னஞ்சல் முன்னாள் செயலாளரின் சொந்த இலக்கத்தில் இருந்தது. அவர் வெளிநாடு போனதும் தொழில் திணைக்களத்துக்கு நாம் எழுதிய கடிதங்களும் சேர்ந்தே பூட்டிக்கொண்டன. அவரைத் தேடிப் பிடித்துத் திறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது மீட்பு இலக்கம் கிளையின் பெயரில் இருக்கிறது. அவசரக் குறியீடுகளைத் தாளில் எழுதி, சந்தாப் புத்தகத்தோடு அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது போனையும் அடையாள அட்டையையும் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். இளைஞர் அணியினர் பக்கத்தில் இருந்து வழி சொல்வார்கள். கடவுச்சொல்லை அடிப்பது நீங்கள்தான்; அந்த நேரம் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.